மாணவர் தலைமையில் லண்டன் சென்ற கோஷ்டி

மாலை ஐந்து மணிக்கு மேல் மைசூரு மகாராஜா கல்லூரி மைதானத்தின் ஓரமாக நடந்து செல்லும் அன்பர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். பந்து ஒன்று, அதைச் சுற்றி இருபது பிள்ளைகள். ஒருவன் கன்னடத்தில் கூவுகிறான்; இன்னொருவன் உருதுவில் பதில் தருகிறான்; கோல் கம்பத்தருகே நிற்கும் பையன், "டேய், இங்கே தள்ளுடா!" என்று நம் தமிழில் கத்துகிறான். மூவருக்கும் மூவர் பேச்சும் விளங்குகிறது. பந்து எங்கே போகவேண்டுமோ அங்கே போய்ச் சேருகிறது.

அந்தக் கடைசிப் பையனுடைய தகப்பனாரை நான் அறிவேன். ஈரோட்டுப் பக்கத்திலிருந்து உத்தியோக நிமித்தம் இங்கே வந்து குடியேறியவர். சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து காப்பி அருந்திக்கொண்டிருந்தபோது அவர் மனம் நொந்து பேசினார்.

"ஐயா, சொந்த ஊரையும் நிலத்தையும் விட்டு இவ்வளவு தூரம் வந்தது எதற்காக? பிள்ளை நன்றாகப் படிக்கவேண்டும் என்பதற்காக. அவனோ கல்லூரிப் பந்தாட்டக் கோஷ்டியில் சேர்ந்துகொண்டு, இருட்டிய பிறகு முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வருகிறான். நாலு வார்த்தை நீங்களாவது சொல்லக்கூடாதா?" என்றார்.

அவருக்கு அன்று நான் உடனே விடை கூறவில்லை. புலம்பெயர்ந்து வாழும் குடும்பங்களில் இந்தக் கவலை சாதாரணமானதன்று. ஊரிலிருக்கும் குடும்பத்துக்குப் பிள்ளை தவறினால் தாங்கிப் பிடிக்க மாமன் உண்டு, மச்சான் உண்டு, ஒரு காணி நிலமாவது உண்டு. வந்த ஊரிலோ பிள்ளையின் படிப்பு ஒன்றே முதல். அந்த முதலைப் பந்தாட்டம் கரைத்துவிடுமோ என்று தகப்பன் அஞ்சுவது நியாயமே. ஆகவே அவருக்குச் சொல்லவேண்டிய விடையை, ஒரு மெய்யான வரலாற்றின் வாயிலாக இங்கே எழுதுகிறேன். அது 1948-ஆம் ஆண்டுக் கோடைக்காலத்தில் லண்டன் ஒலிம்பிக் பந்தயத்துக்குச் சென்ற நமது தேசத்துக் கால்பந்துக் கோஷ்டியின் வரலாறு. அதற்குத் தலைமை வகித்தவர் ஒரு கல்லூரி மாணவர். அதன் முதல் கோலை அடித்தவர் அந்நாளைய மைசூர் ராஜ்யத்துப் பிள்ளை.

மைசூர் ராஜ்யமும் பந்தாட்டமும்

முதலில் இந்த விளையாட்டு நமது பிரதேசத்துக்கு எவ்வாறு வந்தது என்பதைச் சிறிது பார்ப்போம். அக்கதையில் தமிழ்க் குடியேற்றத்தின் கதையும் கலந்திருக்கிறது.

1799-ஆம் ஆண்டு மே மாதம் 4-ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. வெற்றி பெற்ற ஆங்கிலேயப் படை அங்கேயே தங்கியது. ஆனால் காவிரித் தீவின் கொசுவும் காய்ச்சலும் அந்தச் சிப்பாய்களை வாட்டின. ஆகவே 1809-இல் படையின் இருப்பிடம் பெங்களூருக்கு மாற்றப்பட்டது. கண்டோன்மெண்ட் என்னும் தண்டுப்பகுதி பிறந்தது. சென்னை ராஜதானியைச் சேர்ந்த அப்படையோடு தமிழ் பேசும் சிப்பாய்களும், சமையற்காரர்களும், கொத்தர்களும், வண்டிக்காரர்களும், சிறு வியாபாரிகளும் வந்து அல்சூர் முதலிய இடங்களில் வேரூன்றினார்கள். பிற்காலத்தில் கோலார் தங்கவயல் திறக்கப்பட்டபோது, வட ஆற்காடு முதலான ஜில்லாக்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர் சுரங்கத்துக்கு வந்தனர்.

வெள்ளைக்காரப் பட்டாளம் தங்கிய இடமெல்லாம் கால்பந்தும் தங்கிற்று. பட்டாளத்தார் ஆடும்போது கோட்டுக்கு வெளியே ஓடும் பந்தை எடுத்துக் கொடுத்த பிள்ளைகள், நாளடைவில் கோட்டுக்குள்ளே ஆடத் தொடங்கினார்கள். அல்சூர்த் தெருவில் தமிழ்ப் பிள்ளையும் உருது பேசும் முஸ்லிம் பிள்ளையும் கன்னடப் பிள்ளையும் ஒரே பந்தை உதைத்தனர். காலில் பூட்ஸ் கிடையாது. வாங்க வசதியும் கிடையாது. அந்த வெறுங்காலே அவர்களுக்கு வித்தை கற்றுக்கொடுத்தது.

பம்பாயில் நடைபெற்றுவந்த ரோவர்ஸ் கோப்பைப் பந்தயம் நெடுங்காலம் பட்டாளங்களின் ஏகபோகமாக இருந்துவந்தது. 1937-இல் பெங்களூர் முஸ்லிம் கழகம் அதை வென்று அந்த ஏகபோகத்தை முறித்தது. மறு ஆண்டும் வென்றது. பின்னர், மாகாணங்களுக்கிடையே நடக்கும் ஸந்தோஷ் கோப்பைப் பந்தயம் 1941-இல் தொடங்கியது. 1946-47-ஆம் ஆண்டுப் பந்தயத்தில் மைசூர் ராஜ்யக் கோஷ்டி, பந்தாட்டத்தின் தாயகம் எனப் பெயர் பெற்ற வங்காளத்தையே இறுதி ஆட்டத்தில் தோற்கடித்தது. தென்னாட்டுக்கு அக்கோப்பை கிடைத்தது அதுவே முதல் தடவை.

ஆகவே சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோஷ்டியைத் தேர்ந்தெடுக்க முற்பட்டவர்கள் மைசூர் ராஜ்யத்தின் பக்கம் திரும்பியதில் வியப்பில்லை. கோல் காப்பதற்கு வரதராஜ், மற்ற ஸ்தானங்களுக்குப் பஷீர், அகமது கான், தன்ராஜ், சாரங்கபாணி ராமன் எனப் பெங்களூரின் மைதானங்களில் வளர்ந்த பலர் அக்கோஷ்டியில் இடம் பெற்றனர். பெயர்களைப் பாருங்கள்! ஒரு தெருவில் எத்தனை விதமான வீடுகள் இருக்குமோ, அத்தனை விதமும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

தகப்பனாரின் கடைசி விருப்பம்

இத்தகைய கோஷ்டிக்குத் தலைவர் யார்? பட்டாளத்து அதிகாரியல்லர், ராஜகுமாரரும் அல்லர். கல்கத்தாவில் வைத்தியம் படித்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவர். பெயர் தாலிமெரென் ஆவோ.

அவர் 1918-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் தேதி, அக்காலத்தில் அஸ்ஸாமுடன் சேர்ந்திருந்த நாகர் மலைப் பகுதியில் சாங்க்கி என்னும் கிராமத்தில் பிறந்தார். தகப்பனார் கிறிஸ்தவப் போதகர். 1935-இல் விஷஜுரத்தால் அவர் காலமானார். உயிர் பிரியுமுன், தம் மகன் வைத்தியம் கற்று நாகர் மக்களுக்குத் தொண்டு செய்யவேண்டும் என்னும் விருப்பத்தைச் சொல்லிவிட்டுச் சென்றார். அப்போது மகனுக்கு வயது பதினேழு.

வைத்தியக் கல்லூரி நாகர் மலையில் ஏது? மலையை விட்டு இறங்கவேண்டியதாயிற்று. கௌஹாத்தியில் காட்டன் கல்லூரியில் சேர்ந்தார். பிறகு 1942-இல் கல்கத்தா சென்று கார்மைக்கேல் வைத்தியக் கல்லூரியில் இடம் பெற்றார். உணவு வேறு, உடை வேறு, மொழி வேறு. முகத்தைக் கண்டே அந்நியன் என்று சொல்லிவிடும் மகாநகரத்தில் அந்த மலைநாட்டு இளைஞர் வந்து நின்றார். நம் சங்கத்தில் எத்தனையோ பேர், இவ்வூர் ரயில் நிலையத்தில் முதன்முதலாக வந்து இறங்கிய நாளை நினைத்துப் பார்த்தால், அந்த இளைஞரின் மனநிலை அவர்களுக்கு விளங்கும்.

அவருக்குக் கல்கத்தாவில் இடம் தேடித் தந்தது பந்துதான். காட்டன் கல்லூரியிலேயே ஆட்டத்தில் பெயர் எடுத்திருந்த அவர், கல்கத்தாவில் மோகன் பகான் கழகத்தில் சேர்ந்தார். 1911-ஆம் ஆண்டு ஜூலை 29-ஆம் தேதி, ஒருவர் நீங்கலாக அனைவரும் வெறுங்காலுடன் ஆடி, ஈஸ்ட் யார்க்ஷையர் பட்டாளத்தை 2-1 என்ற கணக்கில் தோற்கடித்து ஐ.எஃப்.ஏ. ஷீல்டை வென்ற கழகம் அது; வங்காளிகளுக்கு அது ஒரு கோயில் போன்றது. அந்தக் கோயிலில் நாகர் இளைஞர் ஒருவர் நடுக்கள ஆட்டக்காரராக நின்றார். காலையில் உடற்கூறு வகுப்பு, மாலையில் மைதானம், இரவில் புத்தகம் என்பது அவர் நாட்களின் ஒழுங்காயிற்று.

இந்த இரட்டை வாழ்வுக்கு ஒரு விலையும் உண்டு. 1942-இல் கல்லூரியில் சேர்ந்தவர் எம்.பி.பி.எஸ். பட்டம் பெற்றது 1950-இல்தான். எட்டு ஆண்டுகள்! எனது நண்பர் போன்ற தகப்பன்மார்கள் இந்த இடத்தில் புருவத்தை உயர்த்துவார்கள் என்பதை அறிவேன். உயர்த்தட்டும். ஆனால் அவர் பட்டம் பெறாமல் விட்டுவிடவில்லை என்பதையும், அதற்குப் பின் அவர் என்ன செய்தார் என்பதையும் கேட்ட பிறகு தீர்ப்புச் சொல்லட்டும்.

இல்ஃபர்டில் ஒரு பிற்பகல்

1948 ஜூலை 29-ஆம் தேதி, லண்டன் வெம்பிளி அரங்கில் ஒலிம்பிக் தொடக்க விழா நடைபெற்றது. சுதந்திரம் பெற்ற பாரதம் தன் சொந்தக் கொடியுடன் ஒலிம்பிக் அணிவகுப்பில் கலந்துகொண்ட முதல் நாள் அது. அந்தக் கொடியை ஏந்தி முன்னே நடந்தவர் வைத்திய மாணவர் ஆவோ.

இரண்டு நாட்கள் கழித்து, ஜூலை 31-ஆம் தேதி, லண்டனை அடுத்த இல்ஃபர்டில் கிரிக்கிள்ஃபீல்டு மைதானத்தில் நமது கோஷ்டி பிரான்ஸை எதிர்த்து ஆடியது. சுதந்திர நாளுக்கு ஓராண்டு நிறைவுபெறப் பதினைந்து நாட்களே பாக்கி. சுமார் 17,000 பேர் கூடியிருந்தனர். இந்தியக் கோஷ்டியில் பெரும்பாலோர் காலில் பூட்ஸ் இல்லை. சிலர் பாதத்தைத் துணிப்பட்டையால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். தோல் பூட்ஸும் ஆணிகளும் அணிந்த எதிரிகளின் நடுவே வெறுங்காலர் ஆடுவதைக் கண்டு கூட்டத்தினர் முதலில் வியந்திருப்பார்கள். சற்று நேரத்தில் அந்த வியப்பு மதிப்பாக மாறியது.

30-ஆம் நிமிஷத்தில் பிரான்ஸின் கூர்பேன் ஒரு கோல் போட்டார். நம்மவர் தளரவில்லை. நடுவர் பெனால்டி உதை கொடுத்தார், அது வீணாயிற்று. ஆட்டம் தொடர்ந்தது. 70-ஆம் நிமிஷத்தில் பெங்களூர் ராமன் பந்தை வலைக்குள் செலுத்தினார். கணக்கு 1-1. சுதந்திர இந்தியா சர்வதேசக் கால்பந்தில் போட்ட முதல் கோல் அதுவே. அதை அடித்தவர் பெயர் சாரங்கபாணி ராமன் என்பது, கும்பகோணத்துக்காரர் காதிலும் பெங்களூர்க்காரர் காதிலும் ஒருங்கே இனிக்கும் செய்தி.

இன்னொரு பெனால்டியும் கிடைத்தது. அதுவும் வீணாயிற்று. 89-ஆம் நிமிஷத்தில், ஆட்டம் முடிய ஒரு நிமிஷமே இருந்த தறுவாயில், பிரான்ஸின் பெர்ஸியோன் இரண்டாவது கோலைப் போட்டார். 2-1 என்ற கணக்கில் நாம் தோற்றோம். அந்த ஒரே ஆட்டத்துடன் நமது ஒலிம்பிக் கால்பந்து முடிந்தது.

பெனால்டி என்பது கோலுக்கு நேரே பன்னிரண்டு கஜ தூரத்தில் பந்தை வைத்து, கோல் காப்பவர் ஒருவரை மட்டும் எதிர்த்து உதைப்பது. அதில் தவறுவதற்கு இடமே இல்லை என்று திண்ணையில் இருந்து பேசுவோர் கூறுவார்கள். பன்னிரண்டு கஜ தூரத்தில் நின்று, பதினேழாயிரம் பேர் மூச்சடக்கிப் பார்த்துக்கொண்டிருக்க, பிறந்து ஓராண்டு நிரம்பாத ஒரு தேசத்தின் பாரத்தைக் கால் பெருவிரலில் ஏற்றிக்கொண்டு உதைத்தவருக்கல்லவா அதன் கஷ்டம் தெரியும்! தவறவிட்டவர்களின் பெயரைச் சொல்லி ஏசுவது நம் வேலையன்று. அவர்களும் தேசத்தின் சிறந்த ஆட்டக்காரர்களே. திறமை இருந்தும் பெரிய மேடையின் பழக்கம் இல்லை என்பதுதான் அந்த இரண்டு உதைகளும் சொன்ன செய்தி.

தோல்விக்குப் பிறகு பத்திரிகைக்காரர்கள் ஆவோவைச் சூழ்ந்துகொண்டு, ஏன் பூட்ஸ் அணிவதில்லை என்று வினவினார்கள். நாங்கள் ஆடுவது காலால் ஆடும் பந்து, நீங்கள் ஆடுவது பூட்ஸால் ஆடும் பந்து என்னும் பொருள்பட அவர் ஆங்கிலத்தில் சிலேடையாக விடை கூறினார் என்பது அந்நாளிலிருந்து வழங்கிவரும் செய்தி. தோற்ற கோஷ்டியின் தலைவர் முகம் சுளிக்காமல் சிரித்துக்கொண்டே விடை சொன்னதனால் அந்த நகரமே நம்மவரிடம் அன்பு கொண்டது.

வெறுங்காலின் பலமும் பலவீனமும்

அந்தச் சிலேடையில் உண்மையும் உண்டு. முழு உண்மை இல்லை. நம் நாட்டு மைதானம் ஆண்டில் பெரும்பகுதி காய்ந்து கெட்டியாக இருக்கும். அங்கே வெறுங்கால் பந்தை நன்கு உணரும், சட்டென்று திரும்பும், விரல் நுனியால் பந்தை நிறுத்தவும் வளைக்கவும் முடியும். ஆனால் மழை பெய்து சேறான மைதானத்தில் வெறுங்கால் வழுக்கும். அந்நாளைய பந்து தோலால் தைத்தது. ஆட்டத் தொடக்கத்தில் 14 முதல் 16 அவுன்ஸ் எடை இருக்கவேண்டும் என்பது விதி. ஈரத்தைக் குடித்தபின் அது கல்லாகக் கனக்கும். அதை விரல்கள் நோகாமல் நெடுந்தூரம் உதைப்பது எளிதன்று.

1950-இல் பிரேஸில் நாட்டில் நடந்த உலகக்கோப்பைப் பந்தயத்துக்கு இந்தியாவுக்கு இடம் கிடைத்தும் நாம் போகவில்லை. வெறுங்காலுடன் ஆட அனுமதிக்காததால்தான் போகவில்லை என்று ஒரு கதை இன்றும் உலவுகிறது. ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பதில் கருத்து வேறுபாடும், போதிய பயிற்சிக்கு அவகாசமின்மையும் காரணங்கள் என்றே கால்பந்துச் சம்மேளனம் அன்று கூறியது. மறு ஆண்டு, 1951 மார்ச்சில், டில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் இந்தியா இறுதி ஆட்டத்தில் ஈரானை 1-0 என்று வென்று தங்கம் பெற்றது. சொந்த மண்ணில் நம்மை அசைப்பார் இல்லை.

ஆனால் 1952-இல் ஹெல்ஸின்கி ஒலிம்பிக்கில், குளிர் நாட்டு மைதானத்தில், யுகோஸ்லாவியா நம்மை 10-1 என்று நொறுக்கியது. அந்த ஒற்றைக் கோலை அடித்தவர் பெங்களூர் அகமது கான். அதன் பிறகே சம்மேளனம் பூட்ஸைக் கட்டாயமாக்கியது. பழக்கத்தை மாற்றிக்கொண்ட பலன் விரைவில் தெரிந்தது. 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காவது இடம் பெற்றது. 1962-இல் ஜகார்த்தாவில் மீண்டும் ஆசியத் தங்கம் கிடைத்தது.

இதில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. பிறந்த ஊரின் பழக்கம் நமக்குப் பலம், ஐயமில்லை. ஆனால் வந்த ஊரின் மண் வேறாயிருந்தால், அதற்கேற்ற ஒன்றையும் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். அதனால் நம் கால் நம் கால் அல்லாமல் போய்விடாது. வீட்டில் தமிழும் வெளியில் கன்னடமும் பேசி வளரும் நம் பிள்ளைகள் இந்த வித்தையை நம்மைக் காட்டிலும் நன்றாகவே அறிந்திருக்கிறார்கள்.

அகதிகளின் வீரர்கள்

லண்டனிலிருந்து திரும்பிய பிறகு அகமது கானையும் தன்ராஜையும் கல்கத்தா அழைத்துக்கொண்டது. அவர்கள் சேர்ந்த கழகம் 1920-இல் தோன்றிய ஈஸ்ட் பெங்கால். தேசப் பிரிவினையால் வீடு வாசலை இழந்து கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த மக்கள் லட்சக்கணக்கில் கல்கத்தாவில் நிறைந்திருந்த காலம் அது. இழந்த ஊரின் பெயரைத் தாங்கிய அந்தக் கழகம் அவர்களுக்கு ஊரும் வீடும் போல் ஆகிவிட்டது. அகமது கான், தன்ராஜ், வெங்கடேஷ், அப்பாராவ், ஸாலே ஆகிய ஐந்து முன்னணி ஆட்டக்காரரும் தென்னாட்டவர். வங்காளிகள் அவர்களைப் பஞ்சபாண்டவர் என்று கொண்டாடினார்கள். 1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ந்து ஐ.எஃப்.ஏ. ஷீல்டு அக்கழகத்துக்கே கிடைத்தது.

எண்ணிப் பாருங்கள். ஊரை இழந்து வந்தவர்களின் கண்ணீரை, ஊரை விட்டு வந்த ஐவரின் ஆட்டம் துடைத்தது. அந்த ஐவருக்கும் வங்காளம் தாய்மொழியன்று. ஆயினும் அந்நியர் என்று அவர்களை யாரும் நினைக்கவில்லை. அகமது கான் சுமார் பத்தாண்டுகள் அக்கழகத்திலேயே ஆடினார். ஆட்டம் ஓய்ந்தபின் பெங்களூர் திரும்பினார். 2017-ஆம் ஆண்டில், தொண்ணூறு வயதில், அவர் காலமானபோது அவருக்காகப் பெங்களூரும் வருந்தியது, கல்கத்தாவும் வருந்தியது. மனிதன் ஒருவனுக்கு இரண்டு ஊர்கள் சொந்தமாக இருக்கமுடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மலைக்குத் திரும்பிய டாக்டர்

இனி மாணவத் தலைவரின் கதையை முடிப்போம். லண்டனில் கொடி ஏந்தி நடந்த கைக்கு அதற்குப் பின் எத்தனையோ வாய்ப்புகள் இருந்திருக்கும். கல்கத்தாவிலேயே தங்கியிருந்தால் மோகன் பகான் ரசிகர்கள் அவரைத் தோளில் சுமந்திருப்பார்கள். அவரோ நேரே வகுப்பறைக்குத் திரும்பினார். அவர் படித்த கல்லூரி அந்த 1948-ஆம் ஆண்டிலேதான் ஆர்.ஜி. கர் வைத்தியக் கல்லூரி என்று பெயர் மாற்றம் பெற்றது. அங்கே 1950-இல் எம்.பி.பி.எஸ். தேறினார்.

பிறகு தகப்பனாருக்குச் செய்யவேண்டிய கடமை அவர் முன் நின்றது. மலைநாட்டுக்குத் திரும்பினார். கோஹிமாவில் சிவில் சர்ஜனாகப் பணியாற்றினார். 1963-இல் நாகாலாந்து தனி ராஜ்யமான பின் அதன் சுகாதார இலாகாவின் டைரக்டராக உயர்ந்தார். 1978-இல் ஓய்வு பெற்றார். 1998 செப்டம்பரில் காலமானார். 2018-இல், அவர் பிறந்த நூறாவது ஆண்டில், தபால் இலாகா அவர் நினைவாக ஒரு தபால் தலை வெளியிட்டது.

ஆண்டுகளைக் கணக்கிட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். பெரிய கோஷ்டிகளில் அவர் ஆடியது சுமார் பத்து ஆண்டுகள். வைத்தியராக இருந்தது ஏறக்குறைய இருபத்தெட்டு ஆண்டுகள். ஆட்டம் அவர் வாழ்வின் ஒரு பகுதியே. ஆனால் அந்தப் பகுதி மற்றப் பகுதியைக் கெடுக்கவில்லை. அந்நிய நகரத்தில் தனிமையால் வாடிப் படிப்பை விட்டுவிட்டு ஊர் திரும்பிய பிள்ளைகள் எத்தனையோ பேர். அவருக்கு அந்தத் தனிமையைப் போக்கியது மைதானம். அங்கே கிடைத்த தோழமை அவரை அந்த நகரத்தில் எட்டாண்டுகள் நிலைநிறுத்தியது. அந்த எட்டாண்டுகளில் பட்டம் கைவந்தது.

நண்பருக்கு விடை

இப்போது என் நண்பருக்குச் சொல்லுகிறேன்.

ஐயா, தங்கள் பிள்ளையின் முழங்கால் சிராய்ப்பு ஆறிவிடும். அவன் இருட்டுவதற்குள் வீடு திரும்பவேண்டும், பரீட்சைக்கு முந்தைய மாதம் பந்தைத் தொடக்கூடாது என்று தாங்கள் விதி வைத்தால் அது முறையே. விதியில்லாத ஆட்டம் ஆட்டமாகாது என்பதை அவனே அறிவான். ஆனால் ஆட்டத்தையே நிறுத்திவிடாதீர்கள். தாங்கள் இவ்வூருக்கு வந்து பதினைந்து ஆண்டுகள் ஆகியும், பக்கத்துத் தெருவில் எத்தனை பேரைப் பெயர் சொல்லி அழைக்கிறீர்கள்? தங்கள் பிள்ளை அந்த மைதானத்தில் இருபது பேரைப் பெயர் சொல்லி அழைக்கிறான். அவர்களும் அவனை அழைக்கிறார்கள். இந்த ஊர் அவனுக்குச் சொந்தமாகிக்கொண்டிருக்கிறது. தாங்கள் நிலத்தை விட்டு வந்தது இதற்காகவும்தான் அல்லவா?

ஒன்று மட்டும் அவனிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆவோ தம் தகப்பனாருக்குக் கொடுத்ததைப் போன்ற ஒரு வாக்கு. எத்தனை கோல் போட்டாலும், எத்தனை தடவை தோற்றாலும், தொடங்கிய படிப்பை முடிப்பேன் என்னும் வாக்கு. அந்த வாக்கு இருக்கும்வரை பந்து அவனைக் கெடுக்காது.

பிற்காலச் செய்தி ஒன்றையும் சொல்லி முடிக்கிறேன். மைசூர் ராஜ்யக் கோஷ்டி 1952-53, 1967-68, 1968-69 ஆகிய ஆண்டுகளிலும் ஸந்தோஷ் கோப்பையை வென்றது. ஒவ்வொரு தடவையும் இறுதி ஆட்டத்தில் தோற்றது வங்காளமே. 1973-இல் ராஜ்யத்தின் பெயர் கர்நாடகம் ஆயிற்று. பெயர் மாறிய பின் நெடுங்காலம் கோப்பை கிட்டவில்லை. ஐம்பத்துநான்கு ஆண்டுகள் கழித்து, 2023 மார்ச் 4-ஆம் தேதி, ஸவூதி அரேபியாவின் ரியாத் நகரில், கர்நாடகம் மேகாலயத்தை 3-2 என்று வென்று கோப்பையை மீட்டது. கோல் போட்டவர்கள் சுனில் குமார், பேக்கே ஓராம், ராபின் யாதவ் என்னும் மூவர். 1948-இல் வரதராஜ், பஷீர், அகமது கான், தன்ராஜ், ராமன் என்றிருந்த அந்தக் கலவை, எழுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் மாறவில்லை பாருங்கள்! வந்து சேர்ந்தவர்களையெல்லாம் தன்னவராக்கிக்கொண்டு ஆடுவது இந்த மண்ணின் பழக்கம்.

நாளை மாலை நண்பரை அழைத்துக்கொண்டு மகாராஜா கல்லூரி மைதானத்துக்குச் செல்ல எண்ணியிருக்கிறேன். தகப்பனார் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்தால், கம்பத்தருகே நிற்கும் பிள்ளை சற்றுக் கவனமாகவே கோல் காப்பான். வசதியுள்ள அன்பர்கள் உடன் வரலாம்.